எங்கள் தெருவில் நடைபாதை போடப் போகிறார்கள். மக்கள் உண்மையிலேயே அதில் நடக்க வேண்டும் என்றால் மாநகராட்சியிடம் எதைக் கேட்பது?

ஒன்றே ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் உயரத்தைக் கேளுங்கள். சாலை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் நடைபாதை எழும்பக் கூடாது. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் ஐ.ஆர்.சி. எனப்படும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதலும் இதைத்தான் சொன்னது. அந்த மட்டம் ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் இறங்கி ஏறவும் கூடாது.

அகலமான பிளாட்பாரம் இருந்தும் ஜனங்கள் ரோட்டில் நடக்கிறார்கள் என்று குறை சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்கு வீடு ஒரு முழம் ஏறி இறங்குவதைவிட, வண்டிகளுக்கு நடுவே சமதரையில் போவதுதான் அவருக்கு முடிகிற காரியம். கைக்குழந்தையோடு வருபவருக்கும் காய்கறிப் பை தூக்கி வருபவருக்கும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் வருபவரால் ஏறி இறங்கவே முடியாது.

சென்னையில் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகாலை உயர்த்திக் கட்டிவிட்டால் நடைபாதையும் உயர்ந்துவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. கணக்கு எளிது. சக்கர நாற்காலிக்கான சரிவு 1:12 இருக்க வேண்டும், அதாவது உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம். 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு போதும். அதுவே 30 செ.மீ. என்றால் 3.6 மீட்டர் வேண்டும். அவ்வளவு இடம் இருக்காது, எனவே படி வைத்துவிடுவார்கள். அதனால் வடிகால் வேலை தொடங்கும்போதே மட்டத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

கேட் இருக்கும் இடத்தில் நடைபாதை அதே மட்டத்தில் ஓட வேண்டும். சாலையை ஒட்டிய விளிம்பில் சின்னச் சரிவு கொடுத்தால் கார் ஏறிப் போய்விடும். குறுக்குத் தெரு வரும் இடத்திலும் அப்படியே சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தலாம். வண்டியின் வேகமும் தானாகக் குறையும்.

அகலம் குறைந்தது 1.8 மீட்டர். மரம், ஈ.பி. பெட்டி, கடை எல்லாம் போக, தடையில்லாமல் கிடைக்கும் அகலத்தைச் சொல்கிறேன். இவற்றைச் சாலையோரம் ஒரே பட்டையில் ஒதுக்கிவிட்டால் நடக்கும் வழி நேராகக் கிடைக்கும். பூக்கடையையும் இளநீர் வண்டியையும் விரட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் தருகிறது. இரவில் தனியாக நடந்து வரும் பெண்ணுக்கு அந்தக் கடை வெளிச்சம் எவ்வளவு பெரிய துணை!

பைக் ஏறாமல் தடுக்கத் தூண்கள் நடுவார்கள். இடைவெளி 90 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பைக்கும் நுழையும்தான். ஆனால் இன்னும் நெருக்கினால் சக்கர நாற்காலி வெளியே நின்றுவிடும்.

சாலையைக் கடக்க நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தி.நகர் பேருந்து நிலையத்தையும் மாம்பலம் ரயில் நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை வேறு விஷயம். ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து நெரிசலுக்கு மேலேயே போய்விடலாம். சாதாரணச் சாலையைக் கடக்க ஒருவரை இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்வது அநியாயம். தரையிலேயே சிக்னல் வேண்டும், பச்சை விளக்கு போதுமான நேரம் எரியவும் வேண்டும். 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 12 நொடியில் கடப்பார். 0.8 மீட்டர் வேகத்தில் வரும் முதியவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும்.

நல்ல நடைபாதை எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு மாலை தி.நகர் பாண்டி பஜார் போய் வாருங்கள். 2019-இல் மாற்றியமைத்த அந்தச் சாலையில் வயதானவர்கள் அவசரமில்லாமல் நடக்கிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம். பக்கத்து உட்தெருக்களுக்குத் திரும்பினால் அதே தரம் தொடர்வதில்லை என்பதுதான் வருத்தம். வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை அறுபடாத வழி இருந்தால்தானே ஒருவர் வண்டியை எடுக்காமல் கிளம்புவார்?

சரி, எங்கே கேட்பது? உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில். டெண்டருக்கு முன்பே, உயரமும் அகலமும் தெரியும்படி தெருவின் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடைபாதை குடிமக்களின் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் மே 2025-இல் சொல்லியிருக்கிறது. அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அதன் கீழே 15 செ.மீ., 1.8 மீட்டர், 1:12 என்று எண்களைப் போட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.