மதுரை கோயிலைச் சுத்தி இருக்க வீதிகள்ல சைக்கிளுக்கு தனிப் பாதையும் கடுமையான ரூலும் கொண்டு வந்தா நெரிசல் குறையுமா?

குறையாது. நான் செல்லூர்ல இருந்து கீழமாசி வீதிக்கு தினமும் சைக்கிள்ல வேலைக்கு போறவன், மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதுறேன், அதனால இவன் சைக்கிளுக்குத்தான் வக்காலத்து வாங்குவான்னு நெனச்சா அது வாஸ்தவம்தான், ஆனா தனிப் பாதை விஷயத்துல நான் எதிர்க்கட்சி.

ஏன்னா மாசி வீதி நாலும் தேர் ஓடுற வீதி. சித்திரைத் திருவிழாவுல சாமி பெரிய தேர்லயும் அம்மன் சின்னத் தேர்லயும் கீழமாசி வீதி தேர்முட்டியில கிளம்பி நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வரணும். அந்த வீதியோட அகலமே தேருக்கும் வடம் பிடிக்கிற கூட்டத்துக்கும் உண்டான அகலம். சைக்கிள் பாதைன்னு ஓரத்துல கல் கட்டை வச்சு, கம்பி நட்டு, டிவைடர் போட்டா சித்திரை மாசம் பிடுங்கணும், அப்புறம் மறுபடி நடணும், நடுவுல காண்ட்ராக்டருக்கு நல்ல வேலை. வெறும் பெயிண்ட் கோடு மட்டும் போட்டா அது சைக்கிள் பாதை இல்ல, பைக் நிறுத்துறதுக்கு போட்ட கோடு, மறுநாள் காலையிலயே அதுல வரிசையா பைக் நிக்கும். இதுல பந்தயம் வேணா கட்டுறேன்.

இங்க ஒருத்தர் பதில் எழுதியிருக்காரு, சைக்கிள்காரங்கதான் எந்த ரூலையும் மதிக்காம குறுக்க வர்றாங்க, அவங்களுக்கும் லைசென்ஸ், நம்பர் பிளேட், ஹெல்மெட் எல்லாம் வைக்கணும்னு. அவருக்கு ஒரு பழைய கதை. லைசென்ஸ் நம்ம ஊருக்கு புதுசே இல்ல. எங்க அப்பா காலத்துல சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி வில்லை (வரி கட்டினதுக்கு அடையாளமா ஒரு சின்னத் தகடு) வாங்கி மாட்டணும், ராத்திரி லைட் இல்லாம வந்தா பிடிப்பாங்க, டபுள்ஸ் வந்தா பிடிப்பாங்க, டைனமோ ரிப்பேரானவங்க ஒரு கையில டார்ச் லைட்டை பிடிச்சுக்கிட்டு ஓட்டுவாங்க, போலீஸை பார்த்ததும் பின்னாடி உக்காந்தவன் குதிச்சு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நடந்து வருவான். அதெல்லாம் காலப்போக்குல தானா வழக்கொழிஞ்சு போச்சு. வில்லைக்கு வசூல் பண்ற காசு வசூல் பண்றவர் சம்பளத்துக்கே பத்தியிருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

இன்னைக்கு சட்டம் என்னன்னு பார்த்தா, 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல மிதிக்கிற சைக்கிள் வரவே வராது. அதனால ஆர்.சி. புக் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, ஹெல்மெட் போடலைன்னு 1000 ரூபாய் ஃபைனும் கிடையாது, அதெல்லாம் மோட்டார் பைக்குக்கு. அதுக்காக சைக்கிள்காரன் எப்படி வேணா போலாம்னு அர்த்தம் இல்ல, பொது ரோட்டுல அடுத்தவன் உயிருக்கு ஆபத்தா எந்த வண்டிய ஓட்டினாலும் பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்கு பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 281வது பிரிவுல கேஸ் போடலாம், அதுல மோட்டார் வண்டின்னு மட்டும் சொல்லல. அப்ப ரூல் இல்லைங்கிறது பிரச்சனை இல்ல. இருக்க ரூலை யார் மேல காட்டுறாங்கங்கிறதுதான் பிரச்சனை.

அது எப்படின்னு ஒண்ணு சொல்றேன். எங்க கடைப் பக்கம் சைக்கிள்ல டீ கொண்டு வர்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. கேரியர்ல டீ கேன், ஹேண்டில்ல ஒரு பக்கம் பேப்பர் கப்பு பை, இன்னொரு பக்கம் வடை தூக்கு. போன தீபாவளி நேரம், கூட்டம் ஜாஸ்திங்கிறதால தற்காலிகமா ஒரு பக்கத்தை அடைச்சு ஒன்வே ஆக்கியிருந்தாங்க. இவரு எதிர்ல வந்துட்டாரு. பந்தோபஸ்துக்கு வெளியூர்ல இருந்து வந்திருந்த ஒரு ஏட்டு நிறுத்தி, ஒரு வார்த்தை பேசல, குனிஞ்சு பின் சக்கரத்து வால்டியூபை பிடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "ஐயா, டீ ஆறிப் போயிரும்யா, நாலு கடை தள்ளித்தான்யா"ன்னு இவரு சொல்ல, "அப்ப தூக்கிட்டுப் போ"ன்னு அவரு சொல்ல, கேன் நிறைய டீயோட காத்து போன சைக்கிள தூக்கவும் முடியாம தள்ளவும் முடியாம நிக்கிறாரு மனுஷன். அந்த இடத்துக்கு அஞ்சடி தள்ளி ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வேன்), பின் கதவை திறந்து போட்டு, பாதி ரோட்டை அடைச்சு வத்தல் மூட்டை இறக்கிக்கிட்டு இருக்கு. அதுக்குப் பின்னாடி நிக்கிற கார் ஹாரன் அடிச்சே பேட்டரி தீந்திருக்கும். குட்டியானைக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. எங்க கடை லோடுமேன்தான் போயி "விடுங்க சார், நம்ம ஆளு"ன்னு பேசி வால்டியூபை வாங்கிக் கொடுத்தாரு.

எல்லா போலீஸும் அப்படின்னு சொல்ல வரல. விளக்குத்தூண் பக்கம் தீபாவளி கூட்டத்துல நாள் முழுக்க நின்னு டிராஃபிக்கை சமாளிக்கிறது சாமானிய வேலையும் இல்ல. ஆனா வால்டியூபை பிடுங்குறது எந்த சட்டத்துல இருக்கு? சலான் கிடையாது, ரசீது கிடையாது. குட்டியானைக்கு ஃபைன் போட்டா ஓனர் வருவாரு, சங்கம் வரும், ஃபோன் வரும். டீக்காரருக்கு யார் வருவா.

அடுத்தது இந்த ஸ்மார்ட் சிட்டி, மத்திய அரசோட நகர மேம்பாட்டுத் திட்டம். மதுரை 2016ல அந்த லிஸ்ட்ல வந்துச்சு. பெரியார் பஸ் ஸ்டாண்டை இடிச்சு கடைகளோட கட்டினாங்க, பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்துல வடக்கு ஆவணி மூல வீதிப் பக்கம் அடுக்குமாடி பார்க்கிங் கட்டினாங்க, மாசி வீதிகளை தோண்டி புதுசா போட்டாங்க (தோண்டிக் கிடந்த காலத்துல எங்க யாவாரம் பட்ட பாடு தனிக் கதை, அதை வேற கேள்விக்கு வச்சுக்கலாம்), புது மண்டபத்துல இருந்த தையல்காரங்க, புத்தகக் கடை, பாத்திரக் கடை எல்லாத்தையும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துனாங்க. எல்லாம் நல்லதுக்குன்னே வச்சுக்குவோம், புது மண்டபத்துத் தூண்களை மறைப்பில்லாம பார்க்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அடுக்குமாடி பார்க்கிங் கட்டினா அந்த அளவுக்கு வீதியில வண்டி நிறுத்துறதை எடுக்கணும்ல? அதை எடுக்கலைன்னா பார்க்கிங் கட்டினது இன்னும் கொஞ்சம் காரை உள்ள வாங்கன்னு வெத்தல பாக்கு வச்சு அழைச்ச கணக்குதான். உள்ள கட்டடத்துல இடம் இருக்கும், வெளிய ரெண்டு பக்கமும் பைக் நிக்கும், நடுவுல ஷேர் ஆட்டோ, அதுக்கும் நடுவுல நான்.

இந்த ஊரோட நடுப்பகுதிய மாத்தி அமைக்கிறது ஒண்ணும் இப்ப ஆரம்பிச்சது இல்ல. 1840கள்ல பிளாக்பர்ன் கலெக்டரா இருந்தப்ப கோட்டைச் சுவரை இடிச்சு அகழியத் தூர்த்துட்டாங்க, சனங்களே இடிச்சு நிரப்பி அந்த இடத்தை எடுத்துக்கட்டும்னு விட்டாரு, அப்படி வந்ததுதான் வெளி வீதிகள். வேலைய பார்த்த ரெண்டு பேர் பேர்லதான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கு, கலெக்டருக்கு நட்டதுதான் விளக்குத்தூண். அப்ப அவங்க கண்ணுல இருந்தது மாட்டு வண்டியும் நடையும். அதுக்கு உள்ள இருக்கிற மாசி, ஆவணி மூல, சித்திரை வீதியெல்லாம் அதுக்கும் முந்தினது. சதுரத்துக்குள்ள சதுரமா இருக்கிற இந்த அமைப்புல நடக்கிறவனுக்கும் சைக்கிளுக்கும் எங்குட்டு போனாலும் சந்து இருக்கு, குறுக்க புகுந்து வெளிய வந்துரலாம். காருக்குத்தான் சுத்து. காருக்காக ஒன்வே போட்டு அதே சுத்தை சைக்கிளையும் சுத்த வச்சா சந்து இருந்து என்ன புண்ணியம், நாலு கடை தள்ளிப் போக ஒரு வீதிய முழுசா வலம் வரணும், தேரே வருஷத்துக்கு ஒரு தடவைதான் வலம் வருது.

அதனால நான் சொல்றது தனிப் பாதை வேணாம், ஒன்வேயில இருந்து சைக்கிளுக்கு விலக்கு கொடுங்க. பெருசா செலவே இல்ல, நோ என்ட்ரி போர்டுக்கு கீழ "சைக்கிள் தவிர"ன்னு ஒரு சின்ன போர்டு, அவ்ளோதான். இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல, பிரான்ஸ்ல 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வச்சிருக்க தெருக்கள்ல ஒன்வேயா இருந்தாலும் சைக்கிள் எதிர்ல வரலாம்ங்கிறது 2010ல இருந்தே பொது விதி, பெல்ஜியத்துலயும் இது உண்டு. நம்ம மாசி வீதியில பகல் பதினோரு மணிக்கு 30ல போற வண்டிய காட்டுங்க, டீ வாங்கித் தர்றேன். வேகம்தான் ஆபத்து, அது இங்க ஏற்கனவே இல்ல. வெளி வீதியிலயும் சிம்மக்கல், கோரிப்பாளையம் மாதிரி பஸ் வேகமா வர்ற இடத்துலயும் இந்த விலக்கு கூடாது, அங்க எதிர்ல வர்ற சைக்கிள்காரனை நானே திட்டுவேன்.

சரக்கு இறக்குறதுக்கு நேரம் வச்சு அதை உண்மையிலயே நடத்தணும். இதை சொன்னா எங்க முதலாளியே கோவிச்சுக்குவாரு, ஏன்னா காலையில பத்து மணிக்கு மேலதான் அவருக்கு குட்டியானை வரும். ஆனா வெங்காயத்துக்கு கீழமாரட் வீதிக்கு வர்ற லாரியெல்லாம் விடியுறதுக்கு முன்னாடி வந்து இறக்கிட்டுப் போகலையா, அதே மாதிரி பழகிக்க வேண்டியதுதான். பகல்ல கடைக்கு கடை மாத்துற சில்லறைச் சரக்குக்கு மூணு சக்கர சைக்கிள் வண்டி போதும், ஒரு காலத்துல அதுதானே இந்த வீதிய ஓட்டுச்சு.

தள்ளுவண்டிக்காரங்களை எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்னு சொல்றவங்களும் உண்டு. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவங்களை நெனச்ச நேரத்துல தூக்க முடியாது, 30 நாள் நோட்டீஸ் கொடுக்கணும், நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், அதுல நூத்துக்கு நாப்பது பேர் வியாபாரிகளே இருக்கணும். அதுபோக, ஒரு கார் நிக்கிற இடத்துல ரெண்டு தள்ளுவண்டி நிக்கும், ரெண்டு குடும்பம் சாப்பிடும். காரை எடுத்துட்டு அப்புறம் இவங்ககிட்ட வாங்க.

சரி, தனிப் பாதை எங்கயுமே வேணாமான்னு கேட்டா, வேணும், ஆத்தோரத்துல வேணும். வைகையோட ரெண்டு கரையிலயும் ரோடு போட்டிருக்காங்க, அதுல கார் பறக்குது, அங்க தேர் கிடையாது, இடம் இருக்கு. செல்லூர்ல இருந்து வர்ற எங்கள மாதிரி ஆளுங்க ஏ.வி. பாலத்து நெரிசலுக்கு பயந்து யானைக்கல் கல்பாலம்ங்கிற தரைப்பாலம் வழியாத்தான் வருவோம், வைகை டேம்ல தண்ணி திறந்துட்டா அதையும் அடைச்சுருவாங்க, அப்ப மேல பாலத்துல பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவுல உசுர கையில பிடிச்சுக்கிட்டு மிதிக்கணும். அரசு கொடுக்கிற இலவச சைக்கிள்ல ஸ்கூலுக்கு வர்ற பதினொண்ணாவது பிள்ளைகளும் அதே வழிதான். பாதை போடணும்னு பணம் இருந்தா முதல்ல அங்க போடுங்க.

கடைசியா ஒருத்தர் பேட்டரி சைக்கிள் பத்தி கேட்டிருந்தாரு, அதை வாங்கினா லைசென்ஸ் வேணுமான்னு. மோட்டார் 250 வாட்டுக்கு உள்ள, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உள்ள இருந்தா அது மோட்டார் வண்டிக் கணக்குல வராது. அதுக்கு மேல போற மாதிரி கடையில திருத்திக் கொடுத்தா அது பைக்குதான், பதிவு பண்ணாம பிடிபட்டா ஃபைன் கட்ட வேண்டியதுதான், அதுக்கு நான் பரிஞ்சு பேச மாட்டேன்.

இதையெல்லாம் யார்கிட்ட சொல்றதுன்னா, ரோடு மாநகராட்சி, ஒன்வே போலீஸ், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கை காட்டுவாங்க. வார்டுல ஏரியா சபை கூட்டும்போது கவுன்சிலர், அதிகாரிங்க எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாங்க, அங்க எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கங்க. நான் எங்க வார்டுல எழுதிக் கொடுக்கப் போறது அந்த "சைக்கிள் தவிர" போர்டுக்குத்தான், முதல் கட்டமா ஆவணி மூல வீதிகள்ல மட்டும் ஆறு மாசம் வச்சுப் பாருங்கன்னு.