காலாண்டுக்குள் ஷூ பழசாகிவிடுகிறதா?

கேள்வி: மகள் ஆறாவது, மகன் இரண்டாவது படிக்கிறார்கள். ஜூன் மாதம் ஆளுக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸும் வாங்கினோம். தினமும் சாயங்காலம் சோப்புத்தூள் போட்டுக் கழுவி வெயிலில் வைக்கிறேன். அப்படியும் காலாண்டுப் பரீட்சைக்குள் கறுப்பு ஷூ வெளிறி, ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. கேன்வாஸ் பழுப்பேறிவிட்டது. பையனுடைய ஷூ முன்பக்கம் வாயைப் பிளக்கிறது. அடுத்த முறை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் ரொம்ப நாள் வரும் என்கிறார் வீட்டுக்காரர். வாங்கலாமா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அன்புச் சகோதரி, தினமும் கழுவுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். பிள்ளைகள் பளிச்சென்று போக வேண்டும் என்ற ஆசையில்தான் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்த ஷூக்களைப் பழசாக்கியது செம்மண்ணைவிடத் தண்ணீரும் வெயிலும்தான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டுக்கும் வருகிறது. குடிக்க அது. கழுவ, துவைக்க இன்னமும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகக் கெட்டியாகப் படிந்திருக்கும். அந்த உப்புதான் உங்கள் கறுப்பு ஷூவின் ஓரத்திலும் பூத்திருக்கிறது. தண்ணீர் காய்ந்து போய்விடும், உப்பு தையலுக்குள் தங்கிவிடும். மேலே பாலிஷ் போட்டால் ஒரு நாள் மறையும், மறுநாள் மறுபடி பூக்கும். ஏற்கெனவே பூத்திருப்பதற்கு, அரை டம்ளர் குடிதண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் குடிதண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை. அந்தக் கோடு போய்விடும்.

இனி சாயங்கால வேலை. பிள்ளை வந்ததும் ஷூவை வாசலிலேயே கழற்றட்டும், லேஸை முழுக்கத் தளர்த்தி. ஒரு காலால் மறு காலின் குதியை மிதித்துக் கழற்றுகிற பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். குதிகால் பக்கம் மடிந்து நசுங்குவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. காலையில் மாட்டும்போது ஒரு ஸ்பூனின் காம்பைக் குதியில் வைத்துக் காலை உள்ளே வழுக்கவிடச் சொல்லுங்கள். இரண்டாவது படிக்கிற பையனுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும், மறக்க மாட்டான்.

மண் ஈரமாக இருந்தால் தொடாதீர்கள். ஈர மண்ணைத் தேய்த்தால் அது இழைக்குள்ளும் தையலுக்குள்ளும் இறங்கிவிடும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் காய்ந்துவிடும். அப்போது இரண்டு ஷூவின் அடியையும் ஒன்றோடொன்று தட்டுங்கள், பாதி மண் அங்கேயே உதிரும். மீதியைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுங்கள். மேல்பாகத்தைவிட, சோலும் மேல்பாகமும் சேர்கிற அந்த ஒட்டுக்கோட்டில் பிரஷ் போக வேண்டும். பொடி மண் அங்கே உட்கார்ந்து, நடக்க நடக்க அரம் மாதிரி நூலை அறுக்கும். கடைசியாக, நன்றாகப் பிழிந்த பனியன் துணியால் ஒரு துடைப்பு. இரண்டு ஜோடிக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. உங்கள் மகளே செய்வாள்.

பள்ளிக்கென்று விற்கிற கறுப்பு ஷூக்களில் பெரும்பாலானவை தோல் அல்ல, ரெக்சின். தோல் பாலிஷை உறிஞ்சும், ரெக்சின் உறிஞ்சாது. டப்பா பாலிஷை அப்பினால் மேலேயே நின்று தூசியைச் சேர்க்கும். வாரம் ஒரு முறை திரவ பாலிஷ் மெல்லிசாகப் போட்டால் போதும். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அன்று மினுங்கும், பள்ளிக்கூடம் சேர்வதற்குள் சாலைப் புழுதி முழுக்க அதில் ஒட்டியிருக்கும். வேண்டாம்.

நனைந்துவிட்டால்? ஐப்பசி மழையில் நனையத்தான் செய்யும். வெயிலிலோ, சூடேறிய தகரக் கூரையிலோ, அடுப்புப் பக்கத்திலோ வைக்காதீர்கள். சூட்டில் சோல் ஒட்டியிருக்கும் பசை இளகும், ரெக்சின் விறைத்து மடிப்பில் கீறல் விடும். உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துத் தனியாக வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி மூக்கு வரை திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். ராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்று பட்டால் காலையில் போடலாம்.

கேன்வாஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் மகன் சின்னவனாக இருந்தபோது, செம்மண் கறை போகட்டும் என்று அவன் வெள்ளை ஷூவை பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டேன். எடுத்துப் பார்த்தால் கறை இன்னும் அழுத்தமான பழுப்பில் இருந்தது. மறுநாள் விளையாட்டு விழா. அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அணிவகுப்பில் கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே நின்றான். இன்றைக்கும் எனக்கு அது மனசில் இருக்கிறது. செம்மண்ணின் நிறம் இரும்புத் துருவின் நிறம். பிளீச்சிங் அதை எடுக்காது. எலுமிச்சை எடுக்கும். காய்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, கறையில் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் உப்பும் வைத்துப் பத்து நிமிடம் கழித்து பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். வெள்ளைக்கு மட்டும்தான் இது. கலர் துணியில் சாயம் போகலாம்.

கேன்வாஸைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை துவைத்தால் போதும். சோப்பு துளியும் மிஞ்சாமல் அலச வேண்டும். மிஞ்சிய சோப்புதான் காய்ந்தபின் மஞ்சள் விளிம்பாகத் தெரிகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் குடிதண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ ஒதுக்குங்கள். பிறகு எழுத்து இல்லாத வெள்ளைத் தாளைச் சுற்றி நிழலில் வையுங்கள், மஞ்சள் தாளுக்கு ஏறிவிடும். இங்கே செய்தித்தாள் கூடாது, மை இறங்கும்.

பையனின் ஷூவை இந்த வாரமே செருப்பு தைப்பவரிடம் கொடுங்கள். பிளவுக்குள் மண் நிறைந்துவிட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. அவர் போடும் ரப்பர் பசையோடு, சோலைச் சுற்றி ஒரு தையலும் போடச் சொல்லுங்கள். வீட்டில் உடனே ஒட்டும் பசை போடாதீர்கள், அது கல்லாக இறுகி, கால் மடங்கும் இடத்தில் உடைந்துவிடும். பையன் சைக்கிளை ஷூ மூக்கால் தேய்த்து நிறுத்துகிறானா என்றும் பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிக் கொடுங்கள். ஷூவைவிட அவன் முழங்காலுக்கு அது அவசியம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சிக்கனமான யோசனைதான், ஆனால் பலன் எதிராகத்தான் வரும். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் சுமார் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு சைஸ் என்றால், வேண்டிய இடத்துக்கும் மேல் 17 மில்லிமீட்டர் வெற்றிடம். கால் மடங்குகிற இடம் ஒன்று, ஷூ மடங்குகிற இடம் வேறு என்றாகிவிடும். மூக்கு தரையில் இழுபடும், சோல் இன்னும் சீக்கிரம் பிளக்கும், பிள்ளையும் தடுக்கி விழும். சாயங்காலம் கடைக்கு அழைத்துப் போங்கள், அப்போது பாதம் சற்று விரிந்திருக்கும். பள்ளி சாக்ஸோடு, இரண்டு காலிலும் மாட்டி, நிற்க வைத்து, நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அவ்வளவு இடம்தான் வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் அதே மாதிரி மறுபடி அழுத்திப் பாருங்கள். விரல் மூக்கில் முட்டுகிறது என்றால், ஷூ எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததாயிற்றே, அந்த அளவுக் கால் உள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளை சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளும்.