சிப் கம்பெனியும் மென்பொருள் கம்பெனியும் சேர்ந்தால் இசிஇ மாணவிக்கு என்ன லாபம்?

வணக்கம் ஐயா. மகளுக்கு சிஎஸ்இ (கணினிப் பொறியியல்) கிடைக்காமல் இசிஇ (மின்னணு, தொடர்பியல்) கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிப் கம்பெனிகள் மென்பொருள் கம்பெனிகளோடு சேர்வதைப் பார்த்தால், இனி அந்த வேலைகளும் சிஎஸ்இ பிள்ளைகளுக்கே போய்விடுமோ என்ற பயம் வேறு. லட்ச ரூபாய் கட்டி ஒரு ஐஓடி (கருவிகளை இணையத்தில் இணைக்கும் துறை) கோர்ஸில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த நிறுவனங்கள் ஏன் சேர்கின்றன? ரூட்டரோ ஸ்மார்ட் மீட்டரோ தயாரிப்பவர் வெறும் சிப்பை வாங்கி என்ன செய்வார்? அதில் இயங்குதளம் ஓட வேண்டும், நெட்வொர்க்கில் இணைய வேண்டும். அதனால்தான் இன்டெல், 2009இல் விண்ட் ரிவர் நிறுவனத்தைச் சுமார் 88 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. விண்ட் ரிவரின் விஎக்ஸ்வொர்க்ஸ், குறித்த நேரத்தில் வேலையை முடித்தே ஆகவேண்டிய கருவிகளுக்கான இயங்குதளம். 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்திலும் அதுதான் இருந்தது. இறங்கிய சில நாட்களில் அந்தக் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. கணினிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கு மட்டும் கிடைக்கும் பூட்டு ஒன்றை முக்கியத்துவம் குறைந்த ஒரு வேலை பிடித்து வைத்திருக்க, அதற்காக, முக்கியமான வேலை காத்துக் கிடந்ததே காரணம். பொறியாளர்கள் பூமியிலேயே அதைக் கண்டுபிடித்து, திருத்தத்தை அங்கே அனுப்பிச் சரிசெய்தார்கள். இப்படிக் கருவிகளுக்குள்ளேயே இருக்கும் கணினிகளோடு மல்லுக்கட்டுவதுதான் எம்பெடட் வேலை. அது என்ன என்று உங்கள் மகள் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்தக் கூட்டு நிலைக்கவில்லை. 2018இல் இன்டெல் விண்ட் ரிவரை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. 2022இல் அது வாகன மின்னணுத் துறையின் ஆப்டிவ் கைக்குப் போனது. முதலாளிகள் மாறினாலும் விஎக்ஸ்வொர்க்ஸ் தெரிந்தவர்களின் தேவை போய்விடவில்லை. ஆகவே எந்தக் கம்பெனி யாரோடு சேர்கிறது என்பதை வைத்துப் படிப்பைத் தீர்மானிக்காதீர்கள்.

சிப்புக்கும் மென்பொருளுக்கும் நடுவில்தான் இவளுக்கான இடம் இருக்கிறது. புதிய போர்டுக்கு முதன்முதலில் உயிர் கொடுப்பது, டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் சிறு நிரல்) எழுதுவது, ஃபார்ம்வேரில் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) பிழை தேடுவது எல்லாம் அங்கே நடக்கும். நிரல் தெரிந்தவருக்கு டேட்டாஷீட் (சிப்பின் விவரக் குறிப்பேடு) படிக்க வராது, சர்க்யூட் தெரிந்தவர் சி மொழியைக் கண்டால் ஓடுவார். இரண்டும் தெரிந்தவர் கிடைப்பது அரிது. உள்ளதைச் சொன்னால், ஆரம்பச் சம்பளத்தில் வெப், ஆப் பக்கம் போகும் நண்பர்கள் இவளை முந்தலாம். வேலை தேடவும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதல் வருடம் சி மொழி போதும். அதில் கடினமான பாடமான பாயிண்டர் வரைக்கும் பயமில்லாமல் வரவேண்டும். அப்புறம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி32 என்ற சிறிய கணினிச் சிப் போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதுவும் இதே மாதிரிக் கூட்டுதான்: சிப் எஸ்பிரெசிஃப் நிறுவனத்துடையது, அதில் ஓடுவது ஃப்ரீஆர்டிஓஎஸ். ரிச்சர்ட் பேரி 2003இல் வெளியிட்ட அந்தச் சிறிய இயங்குதளத்தை 2017 முதல் அமேசான் பராமரிக்கிறது. யூடியூப் பார்த்து விளக்கு எரிய வைத்ததோடு நின்றுவிட வேண்டாம். சென்சாரின் டேட்டாஷீட்டைப் பார்த்து ஐ2சி (சிப்புகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் முறை) டிரைவரை அவளே எழுதட்டும். அது ஓடாத நாட்களில்தான் நிறையக் கற்பாள், கொஞ்சம் எரிந்து விழுவாள், கண்டுகொள்ளாதீர்கள். மூன்றாம் வருடத்தில் லினக்ஸ் பழகினால் போதும்.

லட்ச ரூபாய் கேட்கும் அந்த ஐஓடி கோர்ஸில் இப்போது சேர்க்க வேண்டாம். டிகிரி முடித்த பிறகும் பயிற்சி தேவைப்பட்டால், மத்திய அரசின் சி-டாக் நடத்தும் எம்பெடட் சிஸ்டம்ஸ் டிசைன் முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. சுமார் 6 மாதப் படிப்பு, சி-கேட் (C-CAT) நுழைவுத்தேர்வு எழுதிச் சேரவேண்டும். தனியாரிடம்தான் போவேன் என்றால், பணம் கட்டுவதற்கு முன்பு ஆய்வகத்தைப் பார்க்கக் கேளுங்கள். ஆஸிலோஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் காட்டும் கருவி) இருக்கிறதா, ஒரு போர்டுக்கு எத்தனை மாணவர்கள் என்று பாருங்கள். "பிளேஸ்மென்ட் 100 சதவீதம்" என்றால், போன பேட்ச் மாணவர்கள் இரண்டு பேரிடம் நேரில் பேச முடியுமா என்று கேளுங்கள்.