செல்லுக்குள் இருக்கும் பாலியமீன் என்ற சின்ன மூலக்கூறுகள் இருந்தால்தான் செல் வளரும் என்கிறார்கள். அதே மாதிரி செயற்கையாகச் செய்த மூலக்கூறை, அதாவது அனலாக்கைக் கொடுத்தால் மட்டும் வளர்ச்சி ஏன் நிற்கிறது?

செல் ஏமாந்துபோகிறது, அதனால்தான். எப்படி என்று சொல்வதற்கு முன் பாலியமீன் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

எங்கள் ஊர் குடியாத்தம். தாத்தா வீட்டில் தறி இருந்தது. விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டி கஞ்சி போடுவார்கள். கஞ்சி படாத நூல் பிசிறு பிசிறாக நிற்கும், பக்கத்து நூலோடு சிக்கும், தறியில் ஏற்றினால் அறுந்துவிடும். கஞ்சி போட்டதும் பிசிறு படிந்து நூல் அடங்கிவிடும். டி.என்.ஏ.வுக்குப் பாலியமீன் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், பசைக்குப் பதிலாக மின்னூட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். மனித செல் ஒன்றில் சுமார் 2 மீட்டர் டி.என்.ஏ. இருக்கிறது, அதன் நீளம் முழுக்க எதிர்மின்னூட்டம், அதனால் தன்னைத் தானே தள்ளிக்கொண்டு விறைத்து நிற்கும். ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் 147 ஜோடி எழுத்துகள் வீதம் சுற்றிவைத்தாலும் அந்த மின்னூட்டம் முழுவதும் அடங்குவதில்லை. மிச்சத்தை அடக்க உதவுபவைதான் நேர்மின்னூட்டம் கொண்ட இந்தச் சின்ன மூலக்கூறுகள்: புட்ரெசினுக்கு இரண்டு, ஸ்பெர்மிடினுக்கு மூன்று, ஸ்பெர்மினுக்கு நான்கு.

வேலூரில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்தபோது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. கரைசலில் ஸ்பெர்மின் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் சட்டென்று பால் மாதிரி கலங்கும், ஏனென்றால் மின்னூட்டத்தில் சுமார் 90 சதவீதம் அடங்கினால்தான் இழை சுருண்டு ஒன்றுசேரும், அதுவரை ஒன்றுமே தெரியாது. புட்ரெசினில் கலங்கவே இல்லை. ஒருநாள் கலங்கிய குழாயில் உப்புக் கரைசலைச் சேர்த்தேன், கலங்கல் அப்படியே தெளிந்துவிட்டது. சோடியம் நெருக்கியடித்து ஸ்பெர்மினை விலக்கிவிட்டது. இந்தப் பிடிப்பு எவ்வளவு நுட்பமானது என்று அந்தக் குழாய்தான் எனக்குக் காட்டியது.

டி.என்.ஏ. மட்டுமில்லை, செல்லுக்குள் இருக்கும் பாலியமீனில் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.வோடுதான் ஒட்டிக்கிடக்கிறது. புரதத் தயாரிப்புக்குத் தேவையான ஒரு காரணியைச் செயல்பட வைக்கவும் ஸ்பெர்மிடின் வேண்டும். அதனால் புற்றுநோய் செல் மாதிரி வேகமாகப் பெருகும் செல் இதை நிறையக் கேட்கும்.

சரி, இப்போது அனலாக். ஸ்பெர்மினின் இரண்டு முனைகளிலும் எத்தில் என்ற சின்னக் கார்பன் தொகுதியை ஒட்டிச் செய்தவை இவற்றில் அதிகம் ஆராயப்பட்டவை. செல் இவற்றைத் தன்னுடையது என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. டி.என்.ஏ.வில் போய் ஒட்டவும் செய்யும், ஆனால் இவற்றில் பல, இழைகளைச் சேர்த்துச் சுருட்டுவதில் ஸ்பெர்மின் அளவுக்குத் திறமை காட்டுவதில்லை. பானை நிறைந்திருக்கிறதா என்றுதான் செல் பார்க்கிறது, கஞ்சியில் பசை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பானை நிறைந்துவிட்டது என்று நினைத்து, பாலியமீன் தயாரிக்கும் ஆர்னித்தீன் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியைக் குறைத்துவிடுகிறது. அந்த நொதியின் ஆயுளே அரைமணி நேரம் போலத்தான், அதனால் இது சீக்கிரமே நடந்துவிடும். கூடவே பழைய ஸ்பெர்மினில் அசிட்டைல் என்ற சின்னத் தொகுதியை ஒட்டி வெளியேற்றும் இன்னொரு நொதி, சில செல்களில் பல நூறு மடங்கு கூடிவிடும். அசல் சரக்கு காலி, உள்ளே இருப்பது வேலைக்கு ஆகாதது, வளர்ச்சி நின்றுவிடுகிறது.

தயாரிப்பை மட்டும் அடைத்தால் போதாதா என்று கேட்கலாம். டி.எஃப்.எம்.ஓ. என்கிற எஃப்லோர்னித்தீன் மருந்து அதைத்தான் செய்கிறது, ஆனால் செல் வெளியிலிருந்து, உணவிலிருந்தும் குடல் பாக்டீரியாவிலிருந்தும் வரும் பாலியமீனை இழுத்துச் சமாளித்துக்கொள்ளும். அனலாக்கைத் தேடிப் போனதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனாலும் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது எஃப்லோர்னித்தீனுக்குத்தான், குழந்தைகளுக்கு வரும் கடுமையான நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புசெல் புற்றுநோய், சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வராமல் தடுப்பதற்காக. அனலாக்குகள் ஆய்வுக்கூடத் தட்டில் நன்றாக வேலை செய்தும் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் தரவில்லை. அந்த வெளியேற்றும் நொதி எல்லாக் கட்டிகளிலும் ஒரே அளவில் கூடுவதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.