ஏபிஐ-யைக் காப்பி அடிக்கலாமா? கூகுள்–ஆரக்கிள் வழக்கு சொன்னது என்ன?

ஏபிஐ என்பது ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருள் கூப்பிட்டு வேலை வாங்கும் முறை. ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் மேத்.மேக்ஸ்(4, 9) என்று எழுதினால் 9 வரும். அந்தப் பெயர், கூப்பிடும் வடிவம் எல்லாம் ஏபிஐ. எது பெரிது என்று உள்ளே கணக்குப் போடும் வரிகள் தனி.

ஆண்ட்ராய்டுக்காக கூகுள் உள்வரிகளைப் பெரும்பாலும் சொந்தமாக எழுதிக்கொண்டது. ஆனால் கூப்பிடும் வடிவங்கள் சுமார் 11,500 வரிகளை ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்தது. காரணம் எளிது: லட்சக்கணக்கான புரோகிராமர்களுக்கு அவை கைப்பழக்கம். ரெமிங்டனில் டைப்ரைட்டிங் பழகியவர் ஃபேசிட்டில் உட்கார்ந்தாலும் விரல் தானாக ஓடுமே, அதுபோல. மெஷின் வேறு, எழுத்துகள் இருக்கும் இடம் ஒன்று.

ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தை 2010-இல் வாங்கிய ஆரக்கிள், பதிப்புரிமையை (காப்பிரைட்) மீறியதாக அதே ஆண்டு கூகுள் மேல் வழக்குப் போட்டது. கேட்ட இழப்பீடு ஒரு கட்டத்தில் 900 கோடி டாலரை ஒட்டி இருந்தது. கீழே ஒரு தீர்ப்பு, மேல்முறையீட்டில் நேர்மாறாக இன்னொன்று என்று பதினோரு வருடம் இழுத்தடித்து, 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–2 என கூகுள் பக்கம் நின்றது. புதிய தளத்தில் பழைய திறமையைப் பயன்படுத்தத் தேவையானதை மட்டும் எடுத்தது ‘நியாயமான பயன்பாடு’, அதாவது அனுமதி இல்லாமலே சட்டம் விடும் பயன்பாடு, என்றது. என் பார்வையில் சரியான முடிவுதான், தாமதம்தான் கொடுமை.

‘ஏபிஐ-க்குப் பதிப்புரிமையே கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது’ என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு, உண்டு என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டுதான் நீதிமன்றம் இந்த முடிவுக்கு வந்தது.