சபையின் அரிசிப் பொதியும் அஸ்வெசும பட்டியலும்

கேள்வி: மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்துச் சிறிய சபை ஒன்றின் உதவிக் குழுவில் இருக்கிறோம். மாதம் 60,000 ரூபா சேர்கிறது. 40 குடும்பங்களுக்குத் தலா 1,500 ரூபாவில் உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம். இப்போது அரசாங்கம் வறிய குடும்பங்களுக்கு அஸ்வெசும என்ற மாதக் கொடுப்பனவு கொடுப்பதால் பொதியை நிறுத்தலாம் என்கிறார்கள் சிலர். பொதி கொடுத்தால் அந்தக் குடும்பங்களின் கொடுப்பனவு வெட்டுப்படும் என்று பயப்படுகிறார்கள் வேறு சிலர். என்ன செய்வது?

பதில்: இரண்டாவது பயத்தை முதலில் தீர்ப்போம். அஸ்வெசும தெரிவில் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் பார்க்கப்படுகின்றன. மூன்று கிலோ அரிசியும் அரைக் கிலோ பருப்பும் ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிடாது. ஆகவே "பொதி வாங்குகிறதைச் சொல்லாதேங்கோ" என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மறைக்கச் சொன்ன சபை என்ற பெயர் கிராம உத்தியோகத்தரிடம் ஒருமுறை விழுந்தால், பிறகு உண்மையான முறைப்பாட்டோடு போனாலும் காது கிடைக்காது.

பொதியை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இப்போதுள்ள பங்கீட்டை மாற்றத்தான் வேண்டும். 2025 முதல் அதி வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாவும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும் வருகிறது. உங்கள் 1,500 ரூபா அந்த 17,500இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைப் பெறும் வீட்டுக்கு உங்கள் பொதி ஒரு சிறு சந்தோஷம். பட்டியலில் விடுபட்ட வீட்டுக்கோ அதே பொதி நாலு நாள்கூடத் தாங்காது. 40 வீட்டுக்கும் ஒரே அளவு என்பது நியாயம் போலத் தெரியும். தேவை ஒரே அளவில் இல்லாதபோது அது நியாயம் ஆகாது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். எருசலேமில் பந்தி நடந்துகொண்டுதான் இருந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் மட்டும் அதில் விடுபட்டார்கள். ஏழு பேரை நியமித்தது அந்த விடுபடுதலைச் சரிசெய்யத்தான். இன்று பந்தி வைப்பது பிரதேச செயலகம். விடுபட்டவர்களைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை.

சபை செய்த பணியை அரசு ஏற்பது இந்த மண்ணில் புதிய மாற்றமும் அல்ல. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் முதலில் தொட்ட பணிகளில் பள்ளிக்கூடமும் ஒன்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரச உதவியோடு மிஷன்கள் போன்றவை நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. ஜெர்மனியில் கரித்தாஸ், டியாக்கனி போன்ற திருச்சபை அமைப்புகள் அரச காப்புறுதிப் பணத்திலேயே மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் நடத்துகின்றன. நமது நாட்டில் அரசு தன் உத்தியோகத்தர்கள் மூலம் நேரடியாகக் கொடுக்கிறது. அதனால் சபையின் இடம் அந்த உத்தியோகத்தருக்கும் வீட்டுக்கும் நடுவில்.

வேலையை வீடு பார்ப்பதில் தொடங்குங்கள். இருவர் இருவராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நாலு விடயம் கேட்டால் போதும்: விண்ணப்பித்தார்களா, முடிவு என்ன வந்தது, வங்கிக் கணக்கில் பணம் விழுகிறதா, வீட்டில் யாருக்கு அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இல்லை. வாய்ச்சொல்லோடு வராமல் வங்கிப் புத்தகத்தை அவர்கள் விருப்பத்தோடு பாருங்கள். "கிடைக்கிறது" என்று சொல்லும் வயோதிபத் தாய்க்குக் கிடைப்பது அஸ்வெசுமவா, முதியோர் கொடுப்பனவா, பிச்சைச் சம்பளம் என்று சொல்லும் பழைய பொது உதவிப் பணமா என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

விடுபட்டதற்கான காரணம் வீட்டுக்கு வீடு வேறு. கரையோரத்தில் அடிக்கடி காணக்கூடியது சுனாமி வீடு. 2004க்குப் பிறகு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்த கல்வீடு, வீட்டு நிலைக் குறிகாட்டியில் வசதியாகத் தெரியும்; உள்ளே அடுப்பு எரியாதது அதில் தெரியாது. லீசிங்கில் எடுத்துத் தவணை கட்ட முடியாமல் நிற்கும் முச்சக்கரவண்டியும் அப்படித்தான். கல்யாணம் முடித்த மகள் தாய் வீட்டிலேயே தனி உலை வைத்தால், இரண்டு குடும்பமும் ஒன்றாகப் பதியப்பட்டிருக்கலாம். இன்னொன்று, அடையாள அட்டையில் ஒரு பெயரும் வங்கியில் வேறு எழுத்துக்கூட்டலும். தெரிவான பணம் அங்கேயே சிக்கும்.

மேன்முறையீட்டை "நாங்கள் ஏழைகள்" என்று எழுதிப் பயனில்லை. எந்தத் தகவல் பிழையாகப் பதியப்பட்டது என்று எழுத வேண்டும். வீடு எந்த ஆண்டு, யார் கட்டிக் கொடுத்தது. வண்டியின் லீசிங் பத்திரம், நிலுவை எவ்வளவு. சமையல் எப்போது பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி. விண்ணப்ப இலக்கத்தை மேலே எழுதி, பிரதேச செயலகத்தில் கொடுத்ததும் ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். அந்தக் கையொப்பம் இல்லாத மேன்முறையீடு பல மாதம் கழித்து "வரவே இல்லை" ஆகிவிடும். மேன்முறையீடு கோரும் காலம் அறிவித்தல் மூலம் திறந்து மூடப்படுவதால், காகிதங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு உங்கள் கையிலேயே ஒரு சாவி இருக்கிறது: ஞானஸ்நானப் பதிவேடு. பிறந்து மூன்று மாதம் கடந்த காலங்கடந்த பதிவுக்கு, பாடசாலைப் பதிவு, கிளினிக் அட்டை போல ஞானஸ்நானச் சான்றிதழும் துணை ஆவணமாகப் பயன்படும். 1978 நவம்பர் சூறாவளி, யுத்த இடப்பெயர்வு, சுனாமி என்று மூன்றிலும் காகிதத்தைத் தொலைத்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. போதகர் பழைய பதிவேடுகளை ஒரு மழைக்காலத்துக்கு முன் ஸ்கேன் செய்து வைத்தால், அது பத்து மாதப் பொதியைவிடப் பெரிய உதவி.

அஸ்வெசும கிடைக்காவிட்டாலும் வேறு வழிகள் உண்டு. 70 வயது கடந்த குறைந்த வருமான முதியோருக்கான கொடுப்பனவு 2025இல் 5,000 ரூபாவானது. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் 10,000 ரூபா. இவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

இனிப் பணம். 60,000இல் 42,000ஐ, எதுவும் கிடைக்காத அல்லது முடிவுக்குக் காத்திருக்கும் 12 வீடுகளுக்கு 3,500 வீதம் பொதியாகக் கொடுங்கள். 10,000 பயணச் செலவு, போட்டோப் பிரதி, அடையாள அட்டைப் படம் போன்றவற்றுக்கு. ஒருநாள் கூலியை விட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போக முடியாததே பலருக்குத் தடை. மீதி 8,000ஐத் தொடாதீர்கள். பெப்ரவரி முதல் ஒக்டோபர் வரை ஒன்பது மாதத்தில் 72,000 ஆகும். வாடைக் காற்று தொடங்கி, கடலும் வயலும் கூலி தராத வாரங்களில் அது பேசும். பன்னிரண்டு வீட்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். நிறுத்தப்போகும் வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

சபைக்கு வெளியே பொதுமக்களிடம் நிதி சேர்த்து நிவாரணம் செய்யும் சங்கமாக வளர்ந்தால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பிள்ளைகளைச் சபை வளாகத்தில் தங்க வைக்க மட்டும் இறங்க வேண்டாம். நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதியாமல் சிறுவர் இல்லம் நடத்தக் கூடாது. வறுமைக்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது உதவியும் அல்ல.

கடைசியாக, கொடுக்கும் விதம். காத்தான்குடியும் ஆரையம்பதியும், கல்முனையும் பாண்டிருப்பும் தோளோடு தோள் நிற்கும் கரை இது. பன்னிரண்டு வீட்டில் கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தேடியது போதாது. ஞாயிறு ஆராதனை முடிந்து வரிசையில் நிறுத்திக் கொடுக்காதீர்கள். கிழமை நாளில் வீட்டுக்கே கொண்டு போங்கள். பொதியோடு துண்டுப்பிரசுரம் வேண்டாம், வாங்குகிறவர் முகம் தெரியும் படம் வேண்டாம். வீட்டுத் தகவல் எழுதிய கொப்பியைப் பூட்டி வையுங்கள். திறப்பு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும்.