யாழ்ப்பாணத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளையை விடுவதற்கு நல்ல டே கெயார் ஒன்றை எப்படித் தெரிவு செய்வது?

நல்லூர்ப் பக்கம் வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போறவை, பிள்ளையைப் பார்க்க அம்மம்மாவும் ஊரில இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். எங்கட வீட்டுக் கதையும் அதேதான். மகளுக்கு இடம் தேடிக் கொக்குவிலில இருந்து அரியாலை மட்டும் ஏறி இறங்கின ஆள் எண்ட முறையில சொல்லுறன், முன் விறாந்தையைப் பார்த்து முடிவெடுக்காதீங்கோ. சுவரில யானையும் முயலும் எல்லா இடத்திலயும் வடிவாத்தான் கீறி வைச்சிருக்கினம். நேரே பின்வளவுக்குப் போங்கோ.

எங்கட ஊரில கனக்க டே கெயார் சாதாரண குடியிருப்பு வீடுகளிலதான் நடக்குது. அப்ப பின்வளவில கிணறு இருக்கும். கட்டு எவ்வளவு உயரம், மேல வலை போட்டிருக்கா, அந்த வலையைப் பூட்டியிருக்கா எண்டு கிட்டப் போய்ப் பாருங்கோ. ஒரு இடத்தில வலை இருந்தது. ஆனா மோட்டர் பைப் போறதுக்காக ஒரு மூலையை மடக்கி விட்டிருந்தவை, பக்கத்தில கழுவிக் காயவைச்ச பிளாஸ்ரிக் கதிரை. கேட்டால், "பிள்ளையள் இஞ்சால வராதுகள்" எண்டா அந்த அம்மா. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இஞ்சால என்ன, அங்கால என்ன. அந்த இடத்தை அண்டைக்கே விட்டிட்டம்.

கிணற்றோட சேர்ந்ததுதான் குடிதண்ணிக் கதையும். மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட இருக்கு எண்டு கேளுங்கோ. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். மேல ஊத்துறது கெதியாக் கீழ இறங்கிவிடும். வலிகாமம் தோட்டப் பக்கம் பசளையால நைத்திரேற் கூடின கிணறுகளும் இருக்கு. கொதிக்க வைச்சால் கிருமி சாகும், நைத்திரேற் போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். உங்கட பிள்ளையை விடச் சின்ன, பால்மா குடிக்கிற கைக்குழந்தையளுக்குத்தான் இது பெரிய ஆபத்து. எண்டாலும் "கொதிச்ச தண்ணிதான் குடுக்கிறம்" எண்ட பதிலோட திருப்திப்படாமல், எந்தத் தண்ணி எண்டும் கேளுங்கோ.

அப்பிடியே வளவைச் சுத்தி ஒருக்கா நடவுங்கோ. ஐப்பசி தொடங்கித் தை மட்டும் மழைக்காலம். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டில தண்ணி தேங்கினால் டெங்கு நுளம்பு வரும். அது பகலில கடிக்கிற நுளம்பு. மத்தியான நித்திரைக்கு வலை போடுகினமா எண்டு பாருங்கோ.

போற நேரமும் முக்கியம். காலமை பத்து மணிக்குப் போனால் பாட்டும் கைதட்டலுமா எல்லாம் நல்லாத்தான் தெரியும். சாப்பாட்டு நேரம் போங்கோ. நான் பார்த்த ஒரு இடத்தில ஒரு அன்ரி கோப்பையில சோறும் பருப்பும் குழைச்சு, வரிசையா இருத்தி வைச்ச பிள்ளையளுக்கு ஒரே கரண்டியால மாறி மாறி ஊட்டிக்கொண்டிருந்தா. பாசமான மனிசி, ஒரு பிள்ளையையும் அதட்டேல்லை. ஆனா ஒண்டுக்கு மூக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகளை விட்ட இடத்தில ஆளுக்கொரு கோப்பை, பேர் எழுதி ஒட்டியிருந்தது. மீனைத் தர முதல் விரலால பிசைஞ்சு முள்ளு பார்த்துத்தான் ஊட்டுவினம். எனக்கு அது போதுமா இருந்தது.

உண்மையில் நீங்கள் தெரிவு செய்யிறது அந்த அன்ரிமாரைத்தான். முன்னால இருந்து கதைக்கிறவ நிர்வாகி. பிள்ளையைத் தூக்கப் போறது வேற ஆள். அவையோட தனியக் கதையுங்கோ. எவ்வளவு காலமா இஞ்ச நிக்கிறா, ஆருக்கு எத்தனை பிள்ளை எண்டு கேளுங்கோ. இரண்டு வயதுக்குக் கீழ எண்டால் ஒருவருக்கு மூண்டு, நாலு பிள்ளைக்கு மேல குடுத்தால் கொஞ்சம் யோசிக்க வேணும், இது என்ர கணக்கு. சம்பளம் குறைஞ்ச இடத்தில ஆள் நிலைக்காது. ஆள் மாறுற ஒவ்வொருக்காலும் பிள்ளை முதலில இருந்து அழத் தொடங்கும். மாதக் கட்டணம் பக்கத்து இடத்தை விட நல்லாக் குறைவெண்டால் அந்தக் குறைவு எங்கயிருந்து வருது எண்டும் பாருங்கோ.

பதிவுச் சான்றிதழைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அதை விட எனக்கு உதவினது எங்கட பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். வீடு வீடாப் போறவ, எந்த இடம் எப்பிடி எண்டு அவவுக்குத் தெரியும். பிரதேச செயலகத்தில முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிட்டயும் கேட்கலாம். பாரதூரமா ஏதும் கண்டால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம்.

காய்ச்சலோட வாற பிள்ளையை ஏற்பினமா எண்டு கேளுங்கோ. "பரவாயில்லை, கொண்டு வாங்கோ" எண்டால் உங்களுக்கு லீவு மிச்சம்தான், ஆனா மற்றப் பிள்ளையின்ர காய்ச்சலும் அப்பிடித்தானே உள்ள வரும். தடுப்பூசி பார்க்கச் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கேட்கிற இடமெண்டால் நல்லது.

முதல் கிழமை ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலமாக் கூட்டி விடுங்கோ. காலமை விடேக்க அழாத பிள்ளை இல்லை, அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. பின்னேரம் கூட்டப் போகேக்க அன்ரியின்ர இடுப்பில இருந்து உங்களிட்டத் தாவுதா, அல்லது ஒரு மூலையில தனிய நிண்டுகொண்டு அழுகுதா எண்டதைப் பாருங்கோ.

மற்றது பூட்டுற நேரம். கந்தோர் நாலே காலுக்கு விட்டாலும் வந்து சேர நேரமெடுக்கும். பிந்தினால் ஆர் நிக்கிறது எண்டு முதலே கதையுங்கோ. நல்லூர்ப் பக்கமே பார்க்கிறீங்கள் எண்டால், திருவிழாக் காலத்தில கோயிலைச் சுத்தின றோட்டுகள் 25 நாளும் பூட்டு. மோட்டசைக்கிளை எங்கயோ விட்டிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாமா எண்டதையும் இப்பவே யோசியுங்கோ.